விழுங்கிய கண்

டிசம்பர் முதல் தேதி, டிரோம்சோ.
சூரியன் விடுப்பில் போய் நான்கு நாள்.
இரவுப் பணியில் நான் திறக்கும் படத்தில்
முதலில் ஓர் உள்ளங்கை,
கூரை விளக்கு, ஆவி படிந்த மூக்குக்கண்ணாடி,
பிறகு பற்கள்.
பிறகு அவள் இல்லை; அவளுக்குள் இருக்கிறேன்.

குன்வோர், அறுபத்தொரு வயது, ஷெர்வோய் தீவு.
மீன் ஆலையில் முப்பத்தெட்டு ஆண்டு
காட் மீன்களின் குடலை உருவி எறிந்தவள்.
இரும்பு மாத்திரை மூன்று டப்பா தீர்ந்தும்
ரத்தம் தேறவில்லை.
தொண்டை வழியாகக் குழாயா, வேண்டவே வேண்டாமென்று
இரண்டு முறை எழுந்து போனவள்
மூன்றாம் முறை இந்தக் கண்ணை விழுங்கினாள்.
அவரைக்கொட்டை அளவு. நொடிக்கு இரண்டு படம்.

இரைப்பை.
இரை போடும் பையா, இரைகிற பையா?
இப்போது இரண்டுமில்லை, வெறும் வயிறு.
சுவர்கள் நெருங்கி விலகுகின்றன
ஈரத்துணி பிழியும் கை மாதிரி.
இறைச்சியைக் கரைக்கிற அமிலத்திலிருந்து
தன்னைக் காத்துக்கொள்ள
உள்ளே ஒரு வழவழப்பைப் பூசி வைத்திருக்கிறது.
கடைவாசலில் கண் நாற்பத்தேழு நிமிடம் நிற்கிறது.
வாசல் திறக்கும். மூடும். திறக்கப் பார்க்கும்.
"இன்னுமா?" என்கிறான் ஐவின்.
டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறோம் என்கிறேன்.

சட்டென்று பொன்.
பித்தம்.
செத்த ரத்த அணுக்களின் சாயத்தைக்கூட
ஈரல் வீணாய்ப் போகவிடவில்லை,
வெண்ணெயைத் துளித்துளியாய் உடைக்கிற உப்போடு
கலந்து அனுப்பியிருக்கிறது.

அதற்கு அப்பால்தான் நிறுத்தினேன்.

சிறுகுடலின் முதல் முழம்.
விரல்விரலாய்ப் புல் நிற்க வேண்டிய இடம்.
பனி வழித்தெடுத்த பாறை.
மடிப்புகளின் ஓரம் எலி கடித்த துணி.
இரும்பு உடம்புக்குள் நுழைகிற கதவு
இந்த முழத்தில்தான்.
மூன்று டப்பாவும்
இதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது.

யார் மேய்ந்தது?
காலையில் இரண்டு துண்டு,
ஆலை இடைவேளையில் இரண்டு.
கோதுமையில் இருந்த ஏதோ ஒரு புரதத்தை
அவளுடைய காவலர்களே திருடனென்று நினைத்துத்
தெருவைக் கொளுத்தியிருக்கிறார்கள்.
எத்தனை வருடமோ.
"கொஞ்சம் உப்பல்" என்று மட்டும்
படிவத்தில் எழுதியிருக்கிறாள்.

நான்காம் மணிக்குச் சாப்பிட அனுமதி.
பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி என்கிறது குறிப்பு.
ரொட்டி!
திரையைப் பார்த்துக் கத்தியும் என்ன பயன்,
அவள் சாப்பிட்டது நேற்று.

சாண் வயிறு என்பதெல்லாம் பேச்சுக்கு.
உள்ளே மூன்று ஆள் நீளம்.
ஆறாம் மணியில், வெகு கீழே,
புல்.
கடலடிப் புல்லைப் போல் அலைகிறது.
அவள் தின்றது கண்ணை முந்திக்கொண்டு வந்திருக்கிறது,
புல்லின் நுனியொன்று வெளுக்கிறது,
பக்கத்து நுனி,
அதற்குப் பக்கத்து நுனி.
சீஸின் கொழுப்பைக் குடித்துப் பால் நிறமாகிறது காடு.
எரிந்த தெருவின் வேலையையும்
யாரும் கேட்காமலே சேர்த்துப் பார்க்கிறது.
அந்நேரம் குன்வோர்
பதிவுப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு
துறைமுகத்துப் பனியில் நடந்துகொண்டிருந்தாளாம்.
சீஸ் அவள் முழங்காலாகிக்கொண்டிருந்தது.
அவளுக்குத் தெரியாது.

பெருங்குடலின் இருட்டில் மின்கலம் தீர்கிறது.

அறிக்கையில் எழுதுகிறேன்:
மேற்பகுதியில் உறிஞ்சிகள் இல்லை.
கோதுமை, பார்லி, ரை நிறுத்திப் பார்க்கலாம்.
திசு எடுத்து உறுதி செய்யவும்
(குழாய்தான்; அவளிடம் யாராவது பக்குவமாய்ச் சொல்லவும்).
புல் திரும்ப முளைக்கும்.
ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல்.
காட்டைப் பற்றி எழுதக் கட்டமில்லை.

ஐவின் வாஃபிள் தட்டை நீட்டுகிறான்.
என் பை இரைகிறது, எடுத்துக்கொள்கிறேன்.
மென்றபடி படத்தைப் பின்னால் ஓட்டுகிறேன்.
பற்கள், கண்ணாடி, விளக்கு,
உள்ளங்கை.
ரேகைக்குள்கூடச் சிவப்பில்லை.
முதல் படத்திலேயே இருந்திருக்கிறது.